நசிஃபிக்கில் உட்காராதவள்

இனாலுக்கைப் பற்றி வெளியூரில் கேட்டால், பனியாற்றுக்குக் காவல் நிற்கிற புண்ணியவதி என்பார்கள். பதினேழு வருடத்தில் ஒரு நாயைக்கூடப் பிளவில் விழ விடாதவள் என்பார்கள். இரண்டாவது உண்மை. முதலாவதை எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். ஒருவனைப் பழிவாங்கத்தான் அவள் அந்தப் பாறையில் ஏறினாள். ஊரைக் காத்தது கூடவே வந்த வேலை.

ஊருக்குப் பின்னால் இரண்டு பனியாறுகள் இறங்கி வந்து கலக்கின்றன. கலக்கிற இடத்தில் கறுப்பாக நிற்பது நசிஃபிக். பார்க்குமிடம் என்று பொருள். அதற்குமேல் அந்தப் பாறைக்கு ஒரு பெருமையும் கிடையாது. கடல் நன்றாக உறைந்திருக்கும் மாதங்களில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. கடல்பனி உடைந்த பிறகு அடுத்த குடாவுக்கு வேட்டைக்குப் போக வேண்டுமானால்தான் சிக்கல். அப்போது சறுக்குவண்டியைப் பனியாற்றின் மேல் ஓட்டியாக வேண்டும். அங்கே பிளவுகள் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். மேலே புதுப்பனியைப் போர்த்திக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கும். கீழே நிற்பவனுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. உச்சியில் நிற்பவனுக்கு மட்டும், வெயில் சாய்வாக விழும்போது, பனி எங்கே தொய்ந்திருக்கிறது என்று தெரியும், காயப்போட்ட தோல் நடுவில் தொய்கிற மாதிரி. அதனால் ஒருவர் மேலே ஏறிச் சைகை காட்டுவார். எந்தப் பக்கம் கை நீளுகிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும். சும்மா நின்றால், நில். உட்கார்ந்துவிட்டால், வழி சரி, வா.

எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் முறை. இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை. உச்சியில் ஒரு கல்குவியல் உண்டு. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளும் கல்லும் கீழிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆள் உட்கார்ந்திருக்கிறானா, ஆளே இல்லையா என்று தெரியாது. காவலுக்கு ஏறியவன் இடத்தை விட்டுப் போவான் என்று யார் நினைப்பார்கள்?

குயிட்ஸே போனான்.

அன்று கீழே வண்டியோடு நின்றவன் இனாலுக்கின் தம்பி மித்தேக். பத்தொன்பது வயது. அம்மாவும் அப்பாவும் ஒரே குளிர்காலத்தில் இருமிச் செத்த பிறகு, தான் மென்ற கறியை அவன் வாயில் ஊட்டி வளர்த்தவள் இனாலுக். அவனைவிட ஐந்து வயதுதான் மூத்தவள். அன்று மித்தேக் மேலே பார்த்தான், குயிட்ஸே நின்றுகொண்டிருந்தான். நாய்களை அடக்கிவிட்டுக் காத்திருந்தான். மறுபடி பார்த்தபோது நிற்கும் உருவம் இல்லை. சரி, உட்கார்ந்துவிட்டான், வழி நன்றாக இருக்கிறது என்று நாய்களை விரட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த வண்டிக்காரர்கள் கண்ணெதிரே வண்டியும் பதினொரு நாய்களும் அவனும் பனிக்குள் போய்விட்டார்கள். கயிறு எட்டவில்லை. அவன் குரல் கொஞ்ச நேரம் கேட்டதாம்.

"கண்ணு கூசிருச்சு. பனி வெளிச்சம். ஒரு நிமிஷம் மூடித் தொறந்தேன், அதுக்குள்ள..." என்றான் குயிட்ஸே. பனி வெளிச்சத்தில் கண் கூசாத வேட்டைக்காரன் உண்டா? எல்லாரும் நம்பினார்கள். இனாலுக் நம்பவில்லை. அவளிடம் ஓர் எலும்பு இருந்தது.

எங்கள் ஊரில் எது அடித்தாலும் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். அன்று மாலை, சாவுச் செய்தி ஊருக்கு வந்து சேருவதற்கு முன்பே, குயிட்ஸேயின் மனைவி அவித்த வெள்ளைக் கௌதாரித் தொடை ஒன்றை இனாலுக் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று பறவை கிடைத்ததாம். இனாலுக் ருசித்துத் தின்றாள், எலும்பையும் சப்பினாள். சப்பி முடிக்கும்போது வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்த மாதத்தில் வெள்ளைக் கௌதாரி இருக்கும் ஒரே இடம் நசிஃபிக்கின் பின்சரிவு. அங்கே இறங்கினால் பனியாறு கண்ணுக்குத் தெரியாது.

தம்பியின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய கறியைத் தன் வாயாலேயே தின்றுவிட்டோம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அந்தச் சின்ன எலும்பைக் கழுவி, ஊசிகள் வைக்கும் குழலுக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தைத்த ஒவ்வொரு காலணிக்கும் ஊசி எடுக்கும்போது அது கையில் தட்டுப்படும்.

அந்த எலும்பைக் கொண்டுபோய் உடனே ஊர் நடுவில் போட்டிருக்கலாம். போடத்தான் இருந்தாள். நான்கே நாளில் குயிட்ஸே முந்திக்கொண்டான். அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கடைசியாகச் செத்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் போகும், பெயரோடு ஆளும் திரும்பி வருவார் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஆணா பெண்ணா என்று பெயர் பார்ப்பதில்லை. குயிட்ஸே குழந்தையை ஏந்திக்கொண்டு இனாலுக் வீட்டு வாசலுக்கே வந்தான்.

"இந்தா, உன் தம்பி. மித்தேக் வந்துட்டான். இனி நமக்குள்ள என்ன மனத்தாங்கல் இருக்கு?" என்றான். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு மெதுவாக ஒரு சிரிப்போடு சேர்த்தான்: "இவன் உனக்குத் தம்பின்னா நான் உனக்கு அப்பா முறை ஆகுது. இல்லையா மகளே?"

இனாலுக் குழந்தையை வாங்கி முகர்ந்தாள். முகர்ந்ததும் உருகிவிட்டாள், அதை மறைத்து என்ன பயன்? செத்தவரின் சொந்தக்காரர்தான் குழந்தைக்கு முதல் காலணி தைக்க வேண்டும். சீல் தோலில் விரல் நீளத்துக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள். அப்படித் தைக்கும்போதும் அந்த எலும்பு கையில் பட்டது.

அன்றிலிருந்து அவள் நெஞ்சில் இரண்டு அடுப்பு எரிந்தது. குழந்தை மித்தேக் வளர வளர, "வாடா தம்பி" என்பாள். பின்னல் போட்ட பெண்பிள்ளை, "என்னக்கா?" என்று ஓடி வரும். நல்ல ஈரலும் முற்றாத கொழுப்பும் தம்பிக்குத்தான். அந்தப் பெண்ணும் வாயாடி. பனியாற்றைக் காட்டி, "அக்கா, நான் விழுந்தது அந்த இடத்துலயா? குளிரா இருந்திருக்குமே எனக்கு" என்று கேட்டு வைப்பாள். பெயரைச் சுமப்பவர்களுக்கு அப்படிப் பேச உரிமை உண்டு. அவளை வழியனுப்ப வாசலுக்கு வந்தால் எதிரே குயிட்ஸே நின்று, "மகளே, தம்பி சாப்பிட்டானா?" என்பான். பதினேழு வருடம், பார்த்த இடத்திலெல்லாம் மகளே. தன்னைவிட ஆறு வயதே மூத்தவன் வாயிலிருந்து அதைக் கேட்கும் போதெல்லாம் இனாலுக்குக்குப் பல் கூசும்.

எங்கள் ஊரில் ஒருவன்மேல் வஞ்சம் இருந்தால் கத்தி எடுப்பதில்லை, பாட்டு எடுப்போம். மேளத்தை விளிம்பில் தட்டிக்கொண்டு, எதிராளியின் முகத்துக்கு நேரே அவன் செய்ததை ஊர் சிரிக்கிற மாதிரி பாட வேண்டும். அவன் புன்னகை மாறாமல் நின்று கேட்க வேண்டும். முகம் சுளித்தால் தோற்றான். பாடி முடித்ததும் மேளம் அவன் கைக்குப் போகும், அவனும் பதிலுக்குப் பாடலாம். எந்தப் பக்கம் சிரிப்பு அதிகமோ அந்தப் பக்கம் நியாயம். தோற்றவன் பிறகு எந்த வீட்டுக் கறிச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் அந்தப் பாட்டை முணுமுணுப்பார். அதைவிட ஒரு தண்டனை உண்டா? வேதம் சொல்ல உபதேசியார் ஊருக்கு வந்த பிறகு இதைப் பாவம் என்று சொன்னார். நாங்கள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தோம்.

இனாலுக்கிடம் பாட்டு தயாராக இருந்தது. தம்பி செத்ததற்கு அடுத்து வந்த குளிர்காலத்திலேயே கட்டிவிட்டாள். ஆனால் கூப்பிட்டால் எதிராளி தானாக வந்து நிற்க வேண்டும், இழுத்து வர முடியாது. மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் குயிட்ஸே ஒரே பதில்தான் சொன்னான்.

"அப்பனும் மகளும் மேளத்துக்கு முன்னாடி நிக்கிறதா? தம்பி மனசு நோகுமே மகளே."

அப்படியானால் பாறையில் பார்த்துக்கொள்கிறேன் என்று இனாலுக் காவல் வேலையை வாங்கிக்கொண்டாள். பொம்பளை ஏறுகிறாளே என்று முதலில் கேலி செய்தார்கள். "காலு வழுக்குனா நேரா உன் தலையிலதான் விழுவேன், நிமிர்ந்து பார்த்துட்டே இரு" என்று பதில் சொன்னாள். புருஷன் போய், மகன் எனோக் வேட்டைக்குப் போகும் வயது வந்து, ஐந்தாவது வருடம் சறுக்கி விழுந்து இடது முழங்கால் கெட்டுப்போய், அப்படியும் ஏறினாள். குயிட்ஸேவுக்குப் புரிந்துவிட்டது. அவன் அந்த வழியையே விட்டான். இரண்டு நாள் கூடுதலாக ஆனாலும் கரையில் ஒட்டி மிஞ்சும் கடலோரப் பனியிலேயே சுற்றிப் போய் வருவான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

பதினேழாவது வருடம் வசந்தத்தில் கடல்பனி ஒரு மாதம் முன்னதாக உடைந்தது, கடலோரப் பனியும் சேர்ந்து போயிற்று. குயிட்ஸே தனியாக அடுத்த குடாவில் மாட்டிக்கொண்டான். படகு கிடையாது, நாய்களுக்குத் தீனி முடிந்திருக்கும். எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? பனியாற்று வழியாகத்தான் வந்தாக வேண்டும். மகள் மித்தேக் இனாலுக்கிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, அப்பா வர்ற வரைக்கும் தினமும் ஏறிப் பாருக்கா."

"ஏறாம? பதினேழு வருஷமா வேற எதுக்கு ஏறுறேன்னு நெனச்சடா தம்பி?" என்றாள் இனாலுக். சொன்ன விதத்தில் அந்தப் பெண் கொஞ்சம் திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வந்தான். எட்டு நாய், வண்டியில் சுமை ஒன்றுமில்லை. பனியாறு கலக்கிற இடத்துக்கு வந்ததும் நாய்களைப் படுக்கப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். உச்சியில் இனாலுக் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலும், கால் நொண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் அந்த உருவம் யாரென்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

வெயில் சாய்வாக விழுந்தது. அவனுக்கு நேரே முன்னால், இரண்டு வண்டி நீளத்தில், பனி தொய்ந்திருப்பதை அவள் தெளிவாகப் பார்த்தாள். அகலமான பிளவு. மேலே மூடியிருந்தது மெல்லிய பனி. கீழே நின்றவனுக்கு அது வெறும் வெள்ளை.

அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்தால் போதும். முழங்கால் வேறு உயிரை எடுத்தது. கேட்கிறவர்களுக்குச் சொல்லப் பதிலும் அவனே தந்திருந்தான். கண்ணு கூசிருச்சு, பனி வெளிச்சம், ஒரு நிமிஷம் மூடித் தொறந்தேன். அதே வார்த்தைகளை அப்படியே சொல்ல வேண்டும் என்று அவள் வாய் ஊறியது. அவன் குரலும் கொஞ்ச நேரம் கேட்கும். கேட்கட்டும்.

கல்லில் கையை ஊன்றி, முழங்காலை மடக்கினாள்.

மடக்கும்போது முகம் ஊர்ப்பக்கம் திரும்பியது. வீடுகளில் புகை. கடைசி வீட்டுப் புகை அவளுடையது. உள்ளே மருமகள் சபினா இருக்கிறாள், வயிறு இறங்கிவிட்டது, இந்த வாரமோ அடுத்த வாரமோ. ஊரில் வேறு யாரும் பிள்ளைத்தாய்ச்சி கிடையாது.

இவன் இன்று செத்தால் பெயர் எங்கே போகும்? நேராக அவள் வீட்டுக்கு, அவள் மகனின் பிள்ளைக்கு. குயிட்ஸே என்று கூப்பிட வேண்டும். மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும். அவன் மனைவி வந்து முதல் காலணி தைத்துக் கொடுத்து, "என் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்பாள். ஊர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாயா, கடைசியில் இவள் வீட்டுக்கே சமாதானமாக வந்து பிறந்துவிட்டான் என்று சொல்லும். பெயர் வைத்த பிள்ளையிடம் பழைய வஞ்சத்தைக் காட்டுகிறவளை எங்கள் ஊரில் மனுஷி என்று மதிக்க மாட்டோம். பாட்டும் போயிற்று, எலும்பும் போயிற்று. செத்து மறுபடியும் ஜெயித்துவிடுவான் பாவி.

கீழே குயிட்ஸே அவள் மடங்குவதைப் பார்த்துவிட்டான். சாட்டையை எடுத்தான். நாய்கள் எழுந்து உதறின.

இனாலுக் விருட்டென்று நிமிர்ந்தாள். முழங்காலில் ஏதோ நறுக்கென்றது. வலியில் கத்திக்கொண்டே நின்றாள். முன்னால் போக இருந்த நாயைக் குயிட்ஸே கயிற்றோடு இழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு வழி காட்டுவது ஒரு நிமிட வேலை. அவள் காட்டவில்லை. வெயில் பாறையைச் சுற்றி மறுபக்கம் வரும்வரை அப்படியே நின்றாள். அவனும் நின்றான். காற்று பனியாற்றின் மேல் இறங்கி அவனைப் போட்டு அடித்தது, கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு குதித்தான், மேலே பார்த்தான், மறுபடியும் குதித்தான். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நின்ற நாள் கிடையாது. பிறகுதான் வலக்கையை நீட்டினாள்.

பாறையின் அடிவாரத்தில் அவள் இறங்கி வரும்வரை அவன் காத்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. மகளே என்று சொல்லவில்லை.

"இனாலுக்... நீ உக்காரப் போன. நான் பார்த்தேன்."

"போனேன்."

"அப்புறம் ஏன் எந்திரிச்ச?"

"என் மருமகளுக்கு இது மாசம். நீ செத்தா உன் பேரு என் வீட்டுக்கு வரும். உனக்கு மூக்குத் தொடச்சு விடணும், கறியை மென்னு ஊட்டணும், தூங்குன்னு தட்டிக் குடுக்கணும். எனக்கு என்ன தலையெழுத்தா?"

குயிட்ஸே சாட்டையைச் சுருட்டி வண்டியில் போட்டான்.

"ஆனா ஒண்ணு. இப்ப உன் உடம்புல ஓடுற உசுரு நான் விட்டது. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்."

"இல்லேன்னு சொல்லலை."

"அப்ப வந்து மேளத்துக்கு முன்னாடி நில்லு. இந்தத் தடவை அப்பன் மகள்னு கதை விட்டேன்னா, நான் வந்து உன் வீட்டு வாசல்லயே பாடுவேன்."

அவனால் மறுக்க முடியவில்லை. உயிரைக் காப்பாற்றியவள் கேட்டதை மறுத்தால் அதற்கே ஊர் ஒரு பாட்டுக் கட்டிவிடும்.

ஞாயிறு கழித்து மறுநாள் பெரிய வீட்டில் எல்லாரும் கூடினோம். உபதேசியார் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார், ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தார். காபியும் நார்வால் திமிங்கலத் தோலும் சுற்றில் போயின. குயிட்ஸே நடுவில் வந்து நின்றான், நல்ல அங்கி போட்டிருந்தான். புன்னகையை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. இனாலுக் முழங்காலில் தோல்பட்டை கட்டிக்கொண்டு நொண்டி வந்தாள். மேளத்தின் விளிம்பைத் தட்டினாள். பதினேழு வருடம் வாய்க்குள்ளேயே பாடிய பாட்டு, ஒரு சொல் தடுக்கவில்லை.

"காவலுக்கு ஏறினான் ஒருத்தன், அயா அயா,
மூணு பறவை வந்து கூப்பிட்டுச்சு, அயா,
கொக்கரிச்சுக்கிட்டே பின்னாடி போனான்,
நாலாவது பறவை அவன்தான், அயா.

கீழே ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான், அயா அயா,
மேலே ஒரு கல்லு உக்காந்திருந்துச்சு, அயா,
குயிட்ஸேன்னு நெனச்சுக் கல்லை நம்பினான்,
கல்லுக்கும் குயிட்ஸேக்கும் என்ன வித்தியாசம்?
கல்லு இடத்தை விட்டுப் போகாது, அயா!"

வீடு அதிர்ந்தது. கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து மூன்று தடவை பாடினோம். ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துக் காபியைக் கொட்டிவிட்டார். குயிட்ஸே பொல்லாதவன், புன்னகை கலையவில்லை. தலையைக்கூட மேளத்துக்கு ஏற்ப ஆட்டினான். இனாலுக் ஊசிக்குழலைத் திறந்து, மஞ்சளித்துப்போன அந்தச் சின்ன எலும்பை அவன் காலடியில் போட்டாள். அப்போதும் சிரித்துக்கொண்டே மேளத்தை வாங்கினான். அவனிடமும் பதில் பாட்டு இருந்தது. கேட்டிருந்தால் நாங்கள் அதற்கும் சிரித்திருப்போம், நாங்கள் அப்படித்தான்.

அவன் குச்சியை ஓங்கும்போது மகள் மித்தேக் எழுந்து வந்தாள். அதுவரை அவள் வெளிச்சத்தில் கண் கூசிய கதையைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. குனிந்து எலும்பை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நான் கீழே நின்னு உன்னையே பார்த்துட்டு இருந்தேன். நீ எனக்கு முதுகைக் காட்டிட்டுப் போனியா?"

அதைக் கேட்டது பெண்பிள்ளை அல்ல, எங்கள் மித்தேக். குயிட்ஸேயின் முகத்திலிருந்து புன்னகை இறங்கிப் போனதை எல்லாரும் பார்த்தோம். மேளத்தைத் தட்டாமலே தரையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

"தோத்தான்" என்றாள் இனாலுக். அன்றைக்கு அவள் சாப்பிட்ட அளவுக்கு நார்வால் தோலை அதற்கு முன்னும் பின்னும் யாரும் சாப்பிட்டதில்லை. நள்ளிரவு வெளிச்சத்தில் வீட்டுக்கு நொண்டிப் போகும்போதும் பாடிக்கொண்டே போனாள்.

ஒரு வாரத்தில் சபினாவுக்குப் பெண் பிறந்தது, போன குளிர்காலத்தில் செத்த ஒரு நல்ல மனிதரின் பெயர் அதற்குப் போயிற்று. இனாலுக்குக்கு வேறு என்ன வேண்டும்? அன்றைக்குத்தான் மகள் மித்தேக் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாங்க தெற்கு ஊருக்குப் போறோம். அங்க அப்பாவோட அண்ணன் இருக்காரு."

இனாலுக்கின் கையில் பாதி தைத்த காலணி இருந்தது. "உங்கப்பன் போகட்டும். நீ எதுக்குடா போற?"

"தண்ணி எடுக்கப் போனாக்கூட பின்னாடி யாராவது 'கல்லு இடத்தை விட்டுப் போகாது'ன்னு பாடுறாங்க. அவருக்கு இங்க இருக்க முடியலை. அம்மாவுக்கு நெஞ்சு வலி. அவருக்குக் கண்ணு மங்கிட்டு வருது. நான் போகலேன்னா யாரு தைப்பா, யாரு சமைப்பா?"

"ஒரு தடவை உன்னைக் கொன்னவன்டா அவன்."

"தெரியும். அவரு பேச்சை நான் இப்ப கேக்குறதில்லை, ஒரு வார்த்தை பேசுறதில்லை. ஆனா சமைக்கணும்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ பாடாம இருந்திருக்கலாமேக்கா."

"பதினேழு வருஷம் பாடாமத்தான்டா இருந்தேன்."

அந்தப் பெண் குனிந்து இனாலுக்கின் கன்னத்தில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டுப் போனாள். பாட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று இனாலுக் நினைக்கவில்லை, அதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். குயிட்ஸே வெட்கத்தில் ஓடுவான் என்று அவள் பதினேழு வருடமாகக் கணக்குப் போட்டிருந்தாள். ஓடுகிறவன் வண்டியில் யாரை ஏற்றிக்கொண்டு ஓடுவான் என்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கடல் திறந்து கிடந்தது. அவர்களும் பனியாற்று வழியாகத்தான் போக வேண்டும்.

காவலுக்கு எனோக் ஏறுகிறேன் என்றான். "உனக்குத் தொய்வு பார்க்கத் தெரியாது, போடா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி ஊன்றி இனாலுக்கே ஏறினாள். வழக்கமாக எடுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு எடுத்தது. கீழே வண்டி வந்து நின்றது. முன்னால் குயிட்ஸே, வண்டியில் போர்த்திக்கொண்டு அவன் மனைவி, பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மித்தேக். இனாலுக் நின்று நிதானமாகப் பார்த்தாள். இடக்கையை நீட்டினாள், வண்டி திரும்பியது. நின்றாள், வண்டி நின்றது. மறுபடியும் பார்த்தாள். வழியில் குறுக்கே கிடந்த பிளவு எல்லாம் பின்னால் போய்விட்டது. தெற்கே வழி திறந்து கிடந்தது, சமமான பனி, ஒரு தொய்வு கிடையாது. ஏதாவது ஒன்று இருக்காதா என்று கண் வலிக்கத் தேடினாள். இல்லை.

உட்கார்ந்தாள்.

குயிட்ஸே உடனே நாய்களை விரட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கல்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மித்தேக் ஏதோ சொன்னாள், வண்டி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மித்தேக் திரும்பினாள். கையை உயரத் தூக்கி ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பதிலுக்கு இங்கிருந்து ஒரு கை நீண்டால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். அங்கே வழி சரிதான், ஆனால் அதன் இரண்டு பக்கமும் பிளவு. இனாலுக் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வண்டி மறையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.